போர்க்கப்பலில் சம்பந்தி மரியாதை

இல்லைங்க தம்பி, நீங்களே சன்னலோரம் உக்காருங்க. நீங்க ஒரு தடவ, நான் ஒரு தடவன்னு சொல்லிட்டு நின்னா பஸ்ஸு கெளம்பிரும். 'நீங்க மொதல்ல போங்க'ன்னு ஆராச்சும் சொன்னா இப்பெல்லாம் எனக்கு எந்திரிச்சு ஓடிரலாம்னு இருக்குதுங்க. உக்காந்துட்டீங்களா, சரி. நான் வெள்ளக்கோயில்ல எறங்கிக்குவேன். நீங்க? மூலனூரா. நல்லதாப் போச்சு, பேசிட்டே போலாம்.

எம் பேரு சென்னியப்பன். பவானிங்க. கல்யாணம் காட்சிக்குப் பாத்திரம், பந்தல் சாமானம் வாடகைக்கு விடற கடை வெச்சிருக்கறேன். மரியாதை கிரியாதை பாக்கற ஆளே இல்லைங்க நான். அதைய மொதல்லயே சொல்லிர்றேன். கடை போர்டுல எம் பேருக்கு முன்னால 'திரு' கூட இல்ல. போடச் சொன்னேன், எடம் பத்தலைன்னு பெயிண்டர் உட்டுட்டான். அவங்கூட ஒரு வருசம் பேசல, அவ்வளவுதான். மத்தபடி நான் மனசுல எதையும் வெச்சுக்கறதில்லைங்க.

அமெரிக்கா போய்ட்டு வந்து ஒண்ணரை மாசம் ஆச்சு. ஆறு மாசம் இருக்கறதுக்குன்னு போனவன், மூணே வாரத்துல திரும்பி வந்துட்டேன். ஊர்ல பாக்கறவங்கெல்லாம் ஏன் ஏன்னு கேக்கறாங்க. சாப்பாடு ஒத்துக்கலைன்னு சொல்லி வெச்சிருக்கறேன். உங்கள இனிமே நான் எங்க பாக்கப் போறேன், உங்களுக்கு நெசத்தச் சொல்றேன். சாப்பாடெல்லாம் நல்லா ஒத்துக்கிச்சு. ஒத்துக்காதது ஒரு போர்க்கப்பலுங்க.

என்ற பொண்ணு பிரதீபா அங்க இருக்கறா. மாசமா இருந்தா, எட்டு முடிஞ்சு ஒம்பது நடந்துட்டிருந்துச்சு. பிரசவத்துக்குன்னு நானும் என்ற ஊட்டுக்காரியும் போனம். அங்க போயிப் பாத்தா, மாப்பளையோட அப்பா அம்மாவும் வந்து எறங்கியிருக்கறாங்க. சம்பந்தி பேரு தெய்வசிகாமணி. வெள்ளக்கோயில்ல எண்ணெய் மில்லு. நல்ல ஆகிருதி, வழுக்கத் தலை, வெள்ளச் சட்டை. இப்ப அவரு ஊட்டுக்குத்தான் போய்ட்டிருக்கறேன். எல்லாரும் ஒரே ஊடு. ரெண்டு ரூமு, ஒரே பாத்ரூமு.

எங்க ரெண்டு பேருக்கும் சண்டையெல்லாம் இல்லைங்க. சண்டையா இருந்தாத் தேவலயே. மரியாதைங்க. கல்யாணப் பத்திரிகைல அவரு பேருக்கு முன்னால 'உயர்திரு' உட்டுப் போச்சு. எம் பேருக்கு முன்னால இருந்துச்சு. அச்சகத்துக்காரன் பண்ணுன தப்பு, அதுக்கு நான் என்னங்க பண்றது? அவரு ஒரு வார்த்தை கேக்கல. ஆனா அன்னையிலிருந்து என்னையக் கண்டா, 'வாங்க சம்பந்திங்க, உக்காருங்க சம்பந்திங்க, தண்ணி குடிங்க சம்பந்திங்க.' ஒரு சொல்லுக்கு ரெண்டு 'ங்க' போடுவாரு. ஒவ்வொரு 'ங்க'வும் 'எனக்கு மரியாதை தெரியும், உனக்குத்தான் தெரியாது'ன்னு குத்தற மாதிரியே இருக்கும். நான் உடுவனா? நான் மூணு 'ங்க' போட்டேன். 'ஏனுங்க சம்பந்திங்க, சௌக்கியமுங்களா?' இப்படியே நாலு வருசம் ஒருத்தர ஒருத்தர் மரியாதையாலயே அடிச்சுக்கிட்டம்.

அமெரிக்காவுல அந்த மரியாதைக்கு எடம் பத்தலைங்க. காலைல பாத்ரூம் வாசல்ல 'நீங்க போங்க'ன்னு அவரு, 'இல்லீங்க, நீங்க போங்க'ன்னு நானு. மாப்பள ரெண்டு நாளு குளிக்காமயே ஆபீஸ் போனாரு. காப்பி வெச்சா ரெண்டு பேருமே மொதல்ல எடுக்க மாட்டம். ஆறி ஆடை கட்டி, பொண்ணு எடுத்து ஊத்துவா. கார்ல முன் சீட்டு ஆருக்குன்னு முடிவாகாது. ரெண்டு பேரும் பின்னால இடிச்சுட்டு உக்காந்துக்குவம், முன் சீட்ல காய்கறிப் பை உக்காந்து போகும். ஒருநா ஆஸ்பத்திரில லிப்ட் தொறந்துச்சு. 'நீங்க.' 'இல்லீங்க, நீங்க.' லிப்ட் மூடிருச்சு. மறுக்காத் தொறந்துச்சு. மறுக்கா மூடிருச்சு. பொண்ணு மட்டும் உள்ள போயிட்டா, நாங்க கீழயே நின்னம். டாக்டர்கிட்ட அவ தனியாத்தான் போனா.

அன்னைக்கு ஊட்டுக்கு வந்ததும் எங்க ரெண்டு பேரையும் சோபாவுல உக்கார வெச்சா. வயித்தப் புடிச்சுட்டு நின்னுட்டே சொன்னா.

"அப்பா, மாமா, ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. எனக்கு வலி வந்து கார்ல ஏறப் போறப்ப, வாசல்ல நின்னுட்டு நீங்க போங்க நீங்க போங்கன்னு நிப்பீங்க. நான் உங்க நடுவுல மாட்டிக்குவேன். மனசு உட்டுப் பேசி, சாதாரண மனுசங்க மாதிரிப் பழகுங்க. இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள முடியலைன்னா, டிக்கெட்ட மாத்தி ரெண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிருவேன். அத்தையும் அம்மாவும் போதும் எனக்கு. கொழந்தைய வீடியோவுல பாத்துக்குங்க."

எனக்கு மொதப் பேரக்கொழந்தை. பொறந்ததும் கையில வாங்கோணும்னுதானே அத்தன தூரம் பறந்து போனேன்? சம்பந்தி மூஞ்சியும் சுண்டிப் போச்சு. ஆனா பாருங்க, அவ சொல்லி முடிச்சு எந்திரிக்கறப்பவும், 'மொதல்ல நீங்க எந்திரிங்க சம்பந்திங்க'ங்கறாரு.

ஞாயித்துக்கெழமை மாப்பள எல்லாத்தையும் ஒரு போர்க்கப்பல் பாக்கக் கூட்டிட்டுப் போனாரு. பழைய உலக யுத்தக் கப்பலுங்க. சண்டையெல்லாம் முடிஞ்சு, இப்ப ஆத்தோரமாக் கட்டி வெச்சுக் காட்சிக்கு உட்டிருக்கறாங்க. வெளிய இருந்து பாத்தா மலையாட்டம் நிக்குது. இத்தாச்சோட்டுப் பெரிய கப்பல்ல எடத்துக்கா பஞ்சம்னு நெனச்சனுங்க. உள்ள போனாத்தான தெரியுது, வெளிய பூராப் பீரங்கிக்கு, உள்ள மிச்சம் மீதி மனுசனுக்கு.

பொண்ணு கீழ பெஞ்சுல உக்காந்துட்டா, பொம்பளைங்க ரெண்டு பேரும் தொணைக்கு. மாப்பள எங்கள மேல ஏத்தி உட்டுட்டு, "அம்புக்குறி போட்டிருக்கும், அது காட்ற பக்கமே போய்ட்டு வாங்க மாமா. ஒத்தவழிதான், திரும்பி வர முடியாது" அப்படின்னு போட்டாரு ஒரு போடு. போட்டுட்டு ஆபீஸ் போன் வந்துச்சுன்னு ஒதுங்கிட்டாரு. வேணும்னேதான் ஒதுங்குனாருன்னு இப்பப் புரியுது.

மொதக் கதவு. கதவுன்னா நம்மூட்டுக் கதவு மாதிரி இல்லைங்க. இரும்புச் செவுத்துல முட்டை மாதிரி ஒரு ஓட்டை. கீழ முழங்கால் ஒசரத்துக்கு வாசப்படி, மேல நெத்திக்கு நேரா இரும்பு. காலத் தூக்கோணும், அதே சமயத்துல தலையக் குனியோணும். அந்த வாசப்படில நின்னுட்டு நான், 'நீங்க போங்க சம்பந்திங்க'ன்னேன். அவரு, 'மூத்தவிய நீங்க போங்க'ன்னாரு. ரெண்டு வயசுதாங்க நான் மூத்தவன். அதையச் சொல்லிக் காட்றாராமா. பின்னால வெள்ளக்காரங்க வரிசையா நிக்கறாங்க. நானும் சரின்னு காலத் தூக்குனேன், அவரும் சரின்னு காலத் தூக்குனாரு. ரெண்டு பேரும் ஒரே ஓட்டைல மாட்டிக்கிட்டம். அவரு வயிறு என்ற விலாவுல. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. தொப்பி வெச்ச ஒரு பெரிய மனுசன் அங்க காவலுக்கு இருந்தாரு, அந்தக் காலத்துல கடற்படைல இருந்தவராம். அவரு ஓடி வந்து, பொட்டில துணி திணிக்கற மாதிரி எங்கள அந்தப் பக்கம் தள்ளி உட்டாரு.

உள்ள நடக்கற வழி ஒத்தையடிப் பாதைங்க. தலைக்கு மேல குழாய், தோளுக்குக் குழாய், இடுப்புக்குக் குழாய். படுக்கறதுக்குச் சங்கிலில தொங்கற பலகை, ஒண்ணுக்கு மேல ஒண்ணா நாலு அடுக்கு. பொரண்டு படுத்தா மேல படுத்திருக்கறவன் முதுகு இடிக்கும். சமையக்கட்டு மட்டும் எனக்குப் புடிச்சுதுங்க. ஆளு உள்ள எறங்கிக் குளிக்கற அளவுக்கு அண்டா. ஆயிரத்தைநூறு பேருக்குன்னு எழுதியிருந்துச்சுன்னு சம்பந்தி படிச்சுச் சொன்னாரு. நான் பாத்ததுமே சொல்லிட்டேன், அந்த அண்டாவுல எண்ணூறு பேருக்கு மேல சாம்பார் காணாது. நமக்குத் தெரியாத அண்டாவா? சம்பந்தி, 'சரியாத்தான் இருக்குமுங்க, நீங்க சொன்னாச் சரிங்க'ன்னாரு. எனக்கு அதுலதாங்க கோவம். மறுத்துப் பேசிருந்தா ஒரு மரியாதை.

பொறவு அந்த ஏணி வந்துச்சு. செங்குத்தா, இரும்புல, கீழ கெணறாட்டம் ஒரு ஓட்டைக்குள்ள எறங்குது. 'நீங்க மொதல்ல எறங்குங்க சம்பந்திங்க'ன்னேன். அதிசயமா, மறுக்காம எறங்கிட்டாரு. அப்பாடா, செயிச்சுட்டம்னு நெனச்சேன். தம்பி, நீங்க படிச்சவிய, ரோசிச்சுப் பாருங்க. ஏணில எறங்கறப்ப மொதல்ல போனவன் தலை எங்க இருக்கும்? ரெண்டாவது எறங்கறவன் காலு எங்க இருக்கும்?

எனக்கு அது ரோசனைலயே வரலைங்க. பொண்ணு வாங்கிக் குடுத்த புது ஷூ, ஒரு சைஸ் பெருசு. காலு எங்க முடியுது, ஷூ எங்க முடியுதுன்னு எனக்கே தெரியாது. வெச்ச கால், வழுவழுன்னு எதும்மேலயோ பட்டுச்சு. கம்பியில இவ்வளவு வழவழப்பான்னு இன்னொருக்கா அமுத்திப் பாத்தேன்.

"யோவ்! கால எடுய்யா!"

நாலு வருசத்துல மொத மொறையா 'ங்க' இல்லாம ஒரு வாக்கியம். கப்பல் பூரா எதிரொலிச்சுது. நான் கால எடுத்தேன். சத்தியமா எடுத்தேன். ஆனா ஷூ மறுபடியும் போயி தலைலயே உக்காந்துச்சு. ரெண்டாவது தடவ கப்பல் ஆடிருச்சுங்க, அதான். இல்ல, ஆத்துச் சேத்துல பொதஞ்சு நிக்கற கப்பல் ஆடாதுன்னு மாப்பள பொறவு சொன்னாரு. ஆடுச்சுங்க. எனக்கு ஆடுச்சு.

"பத்திரிகைல அவமானம் பண்ணுனது பத்தாதுன்னு தலைல மிதிக்கறியா?"ங்கறாரு கீழயிருந்து. "அந்தப் பத்திரிகைய என்ற அண்ணங்கிட்டக் காட்டுனேன். 'உன்ற சம்பந்தி உன்னைய ஆளாவே மதிக்கலையேடா'ன்னு சொல்லிச் சிரிச்சாருய்யா. இன்னைக்கு வரைக்கும் சிரிக்கறாரு!"

நான் ஏற முடியாது, மேல ஒரு குண்டு வெள்ளக்காரரும் அவரு கொழந்தைகளும் நிக்கறாங்க. கீழ சம்பந்தி எறங்க மாட்டங்கறாரு. தொப்பிக்காரரு கீழயிருந்து என்னமோ கேக்கறாரு. அந்தரத்துல தொங்கிட்டே சண்டை.

"அது அச்சகத்துக்காரன் தப்பு!"ன்னேன்.

"பொய் சொல்லாத! அச்சகத்துக்காரன் எனக்குத் தூரத்து மச்சான். நீதான் பேனாவுல அடிச்சியாம்!"

சரிங்க தம்பி, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது, நாந்தான் அடிச்சேன். காரணம் இல்லாம அடிப்பனா? பொண்ணு பாக்க வந்தன்னிக்கு என்ற ஊட்டுக்காரி கையால போட்ட காப்பிய ஒரு வாய் குடிச்சுட்டு அப்படியே வெச்சுட்டாரு. முழுசாக் குடிக்கல. எங்க ஊட்டுக் காப்பி அவருக்கு எளப்பமாம். அதையக் கேட்டேன், அந்த ஏணிலயே கேட்டேன்.

கீழயிருந்து மெதுவாச் சொல்றாரு. "யோவ் சென்னியப்பா, அதுல எறும்பு கெடந்துச்சுய்யா. சொன்னா உன்ற ஊட்டுக்காரி மூஞ்சி வாடிப் போகுமேன்னு பேசாம வெச்சேன்."

ஒரு எறும்புங்க தம்பி. நாலு வருசம்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அழுகையும் வந்துச்சு, அதையும் சொல்லிர்றேன். அவருக்கும் வந்துருச்சு போல, ஏணி குலுங்குச்சு. ஒரு வழியா அடில எறங்குனதும், ஒரு தொங்கு பலகைல ரெண்டு பேரும் தலையக் குனிஞ்சு உக்காந்தம். நிமிந்தா இடிக்கும். அவரு சட்டைப் பைல இருந்து தட்டுவடை எடுத்தாரு. "ஒண்ணு எடுத்துக்க"ன்னாரு. நான் ரெண்டு எடுத்தேன். "அண்டா எண்ணூறு பேருக்குத்தான் காணும்"னேன். "உனக்கு அண்டாவப் பத்தி என்னடா தெரியும்?"னாரு. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுங்களா! அறுவத்தாறு வயசுல என்னைய 'டா' போட ஆளே இல்லாமப் போச்சு. என்னைய டா போட்டவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. நான் அவர 'சிகாமணி'ன்னு கூப்பிட்டேன். மேல ஏறி வர்ற வரைக்கும் 'தள்ளுடா, நகருடா, தொப்பைய உள்ள இழுடா'தான். ஒரு கதவுலயும் மாட்டல. எல்லாக் கதவும் பெருசான மாதிரி இருந்துச்சுங்க.

இப்பக் கதை முடிஞ்சிருக்கோணும் இல்லைங்களா? முடியல.

வெளிய வந்தம். பெஞ்சுல பொண்ணு, என்ற ஊட்டுக்காரி, சம்பந்தியம்மா. மாப்பளயும் போன வெச்சுட்டு வந்துட்டாரு. வெளிச்சத்துல அவங்களப் பாத்ததும் எனக்கு நாக்கு தானா மடங்கிப் போச்சு. சம்பந்திக்கும் அப்படித்தான்.

"பேசுனீங்களா?"ன்னா பொண்ணு.

"பேசுனமுங்க அம்மணி. நல்லாப் பேசுனம்"னாரு சம்பந்தி.

"அப்ப எங்க முன்னால, 'ங்க' போடாம ஒரே ஒரு தடவ ஒருத்தர ஒருத்தர் கூப்பிடுங்க. நம்பறேன்."

சம்பந்தி வாயத் தொறந்தாரு. சம்பந்தியம்மா அவரையவே பாக்கறாங்க. அவரு மூஞ்சி செவந்து, காது செவந்து, கடைசில, "சம்பந்திங்க, தண்ணி குடிக்கறீங்களா?" அப்படின்னுட்டாரு. கோழை! நானா இருந்தா சொல்லிருப்பேன். என்ற மொறையும் வந்துச்சு. ஆனா மாப்பள நிக்கறாருங்களே. பொண்ணக் குடுத்தவன், மாப்பள முன்னால அவரப் பெத்த அப்பன 'டேய்'னு சொல்றதா? உலகத்துல நடக்குமா? "குடிக்கறேனுங்க சம்பந்திங்க, மொதல்ல நீங்க குடிங்க"ன்னேன்.

பொண்ணு எந்திரிச்சு முன்னால நடந்தா. கார்கிட்டப் போனம். பழக்க தோசம், ரெண்டு பேரும் முன் கதவக் காட்டி 'நீங்க'ன்னம். அவ அங்கயே நின்னு போன எடுத்து டிக்கெட்ட மாத்திட்டா.

பொண்டாட்டிக ரெண்டு பேரும் அங்க, நாங்க ரெண்டு பேரும் பிளேன்ல. இருவது மணி நேரம். ஏறுன நிமிசத்துலயே, 'டேய், சீட்டுக் கைப்புடில இருந்து கைய எடுடா'ன்னு ஆரம்பிச்சுட்டான் சிகாமணி. வர்ற வழி பூரா, உன்னாலதான் உன்னாலதான்னு திட்டிட்டே வந்தம்.

கொழந்தை பொறந்து இன்னையோட இருவத்தெட்டு நாளுங்க. பொம்பளப் புள்ளை. ஊட்டுல தனியா உக்காந்து வீடியோவுல பாத்தனுங்க மொத நாளு, மனசு கேக்கல. போனுக்குள்ள உள்ளங்கை அளவுக்குத் தெரியறா. மறுநாளே பஸ் ஏறிட்டேன். அன்னையிலிருந்து தெனமும் வெள்ளக்கோயில்தான். இங்க சாயங்காலம்னா அங்க காலை, கொழந்தையக் குளிப்பாட்டற நேரம். நானும் அவனும் ஒரு போன நடுவுல வெச்சுப் பாப்பம்.

போன வியாழக்கெழமை அவன் மறந்து வாய உட்டுட்டான். "டேய் சென்னியப்பா, உன்ற மண்டை மறைக்குது, கொழந்தை கால் தெரியல, நகருடா!" போனுக்குள்ள என்ற பொண்ணு அப்படியே நின்னுட்டா. தண்ணிச் சொம்பு கையில இருக்குது. "மாமா, இப்ப என்ன சொன்னீங்க?"ன்னா. அவன், "சம்பந்தியக் கொஞ்சம் நகரச் சொன்னனுங்க அம்மணி"ங்கறான்.

நேத்து அவ ஒரு முடிவு சொல்லிட்டாங்க. "ரெண்டு பேரு மட்டும் இருக்கறப்ப நல்லா இருந்து எனக்கென்னப்பா புண்ணியம்? எங்க ஊட்ல நாலு பேரு இருப்போம். நாளைக்கு நீங்க பஸ்ஸ உட்டு எறங்கறப்ப மாமா ஸ்டாப்புல நின்னு வீடியோ போடுவாரு. நாலு பேரு கேக்க, மாமாவ சும்மா பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கூப்பிட்டா அடுத்த வாரமே ரெண்டு பேருக்கும் டிக்கெட். இல்லைன்னா வீடியோதான்." இப்படிச் சொல்றப்ப அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கும்தான்.

அதனால பவானில இருந்தே வாய்க்குள்ள சொல்லிப் பாத்துட்டு வர்றேன். டேய் சிகாமணி. டேய் சிகாமணி. கேட்டீங்களா, சுத்தமா வருது. உங்க முன்னால வருதுங்களே! கண்டக்டரு திரும்பிப் பாக்கறாரு, பாக்கட்டும். கொழந்தையத் தூக்கோணுமுங்க எனக்கு. என்ற கையி, அவ எடை. அவ்வளவுதான்.

வெள்ளக்கோயில் வந்துருச்சா? வந்துருச்சு. சித்த அந்தப் பைய எடுத்துக் குடுங்க. அந்தா நிக்கறான் பாருங்க, வெள்ளச் சட்டை. போன மேல தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறான். பக்கத்துல ஆரு அது, துண்டு போட்டுட்டு? ஐயோ, அவங்க அண்ணன்! பத்திரிகையப் பாத்துச் சிரிச்ச அதே மனுசன். அவரு முன்னால நான் 'டேய்'னு சொன்னா, 'அன்னைக்கே நான் சொல்லலையா'ன்னு ஊரு பூராச் சொல்லுவாரே! என்ன பண்ணட்டும் தம்பி, இன்னொரு ஸ்டாப்பு தள்ளி எறங்கட்டுமா? இல்ல, இல்ல. படில நின்னே கூப்பிட்டர்றேன். வழி உடுங்க, வழி உடுங்க. இருங்க.

"டேய் சிகாமணிங்க!"

என்ன சொன்னேன்? 'ங்க' வந்துச்சா? வந்துருச்சா! தம்பி, நீங்க சன்னல்ல எட்டிப் பாருங்க, எனக்குக் கண்ணாடி பைக்குள்ள இருக்குது. போனுக்குள்ள என்ற பொண்ணு தெரியறாளா? சிரிக்கறாளா, இல்ல மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறாளா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.